அரண்மனையிலிருந்து வந்த தையல் இயந்திரம்

2009ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்து இரவொன்றில் வளைகுடா நாட்டிலிருந்து நமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் பள்ளியில் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். நலம் விசாரிப்பு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. "உங்க ஆயாவோட சிங்கர் மிஷின் இன்னும் வீட்ல இருக்குதா? யாருக்கும் குடுத்துடாத. ஊசிகிட்ட செல்போனை வெச்சிப் பாரு. லைன் கட்டாவுதான்னு சொல்லு" என்றார். அவர் குரலில் இருந்த பரபரப்பைக் கண்டு, கேலி செய்கிறாரோ என்று கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை.

செய்தி பிறகுதான் விளங்கிற்று. பழைய சிங்கர் தையல் இயந்திரங்களுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ என்னும் அரும்பொருள் ஒளிந்திருப்பதாக அந்த மாதம் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியிருந்தது. மூலையில் கிடந்த பழைய இயந்திரங்களுக்கு மக்கள் இலட்சக்கணக்கில் விலை பேசினார்கள். அப்படியொரு பொருள் உலகில் இல்லை என்று அறிவியலாளர்கள் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. நம்மவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. அரிசியை ஈர்க்கும் இரிடியக் கலசத்துக்காக நிலத்தை விற்றவர்கள் நம் தமிழ்நாட்டிலும் உண்டு.

நாமும் அன்றிரவு கைப்பேசியை ஊசியருகில் வைத்துப் பார்த்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. ஆனால் கைவிளக்கின் வெளிச்சத்தில், இயந்திரத்தின் அடித்தட்டில், வலப்புறத் தூணின் அருகே ஒரு சிறு மேட்டில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. ஆங்கிலத்தில் ‘ஈ’, ‘ஜே’ என்ற இரண்டு எழுத்துகள், அவற்றைத் தொடர்ந்து ஆறு இலக்கங்கள். அவற்றை ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளை ஏதோ ஒரு புத்தகத்துக்குள் வைத்து மறந்தோம். அந்த எண் ஒருநாள் நம் குடும்பத்துக் கதையொன்றின் மேல் கை வைக்கும் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

சேத்துப்பட்டு என்றால் சென்னைவாசிகள் எழும்பூருக்கு அடுத்த ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்வார்கள். நாம் சொல்வது திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் – வந்தவாசிச் சாலையும் ஆரணி – செஞ்சிச் சாலையும் குறுக்கிடுகிற ஊரை. ஆரணி முதலாளிகளிடம் பாவும் ஜரிகையும் வாங்கி வந்து, கூலிக்குப் பட்டு நெய்து கொடுக்கும் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய உண்டு. நம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. தந்தையார் குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்தால் உச்சிப்பொழுதுவரை எழமாட்டார். அவர் தறியின் மிதியோசை ஒரு பக்கமும், அம்மாவின் தையல் இயந்திரத்து மிதியோசை மறுபக்கமும் கேட்க, நடுவில் உட்கார்ந்துதான் நாம் வீட்டுப்பாடம் எழுதினோம்.

அந்த இரண்டு ஓசைகளுக்கும் உள்ளூர ஒரு பகை இருந்தது. தந்தையாருக்குத் தையல் என்றால் இளக்காரம். "அறுக்காம, குத்தாம கட்டறதுக்குப் பேருதான் பட்டு. ஊசி ஏறினா அது துணி" என்பார். அவர் சொன்னதில் ஒரு நெசவாளனின் நியாயம் இருந்தது. தறியிலிருந்து இறங்கிய சேலை முழுமையான பொருள். அதில் ஊசிக்கு வேலை இல்லை. ஆனால் அந்தச் சேலையைக் கட்டுகிறவளுக்கு ரவிக்கை வேண்டும். தந்தையாரின் கூலி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் இழுபறியாகும் மாதங்களில் அடுப்பெரிந்தது அந்த ரவிக்கைகளால்தான். இதை அவரும் அறிவார், வாயால் சொன்னதில்லை.

அந்த இயந்திரம் அம்மாவின் தாயார், நம் ஆயா, வைத்திருந்தது. 1994இல் ஆயா காலமானபின் அம்மாவிடம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெரிய மாமா ஒரு கதை சொல்வார். ஆரணி ஜாகிர்தார்களின் அரண்மனை சத்திய விஜய நகரத்தில் இருப்பதை நண்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம். தாத்தா ஒருமுறை அந்த அரண்மனைக்குப் பட்டுச் சேலை நெய்து கொடுத்தாராம். நெசவின் நேர்த்தியைக் கண்டு மகிழ்ந்து, அரண்மனைத் தையற்காரர் வைத்திருந்த சீமை இயந்திரத்தையே பரிசாகக் கொடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்களாம். வண்டி தேவிகாபுரம் வழியாக வந்தபோது ஊரே கூடி நின்று பார்த்ததாம். எங்கள் வீட்டுத் திருமணங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலையோடு இந்தக் கதையும் பரிமாறப்படும். நாமும் பள்ளிப் பருவத்தில் இதைக் கட்டுரையாக எழுதி ஆசிரியரிடம் பாராட்டு வாங்கியிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில்தான் இயந்திரம் மறுபடி நினைவுக்கு வந்தது. தெருப்பிள்ளைகளுக்கு முகக்கவசம் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். மேலே கிடந்த பழந்துணிகளையும் பஞ்சாங்கங்களையும் அகற்றி, மூடியைத் திறந்து மிதித்தபோது மிதிபலகை அசையவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினால் கால்வட்டம் சுற்றி நின்றது. ஏழெட்டு ஆண்டுகளாகத் தொடாமல் விட்டதன் பலன்.

கல்லூரியும் இல்லை, கடைகளும் இல்லை. நாமே பழுதுபார்த்துவிடலாம் என்று துணிந்தோம். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு எந்தத் துறையிலும் அச்சம் இராது போலும். ஊசித் தகட்டைக் கழற்றியபோது உள்ளே துணிப்பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து, கம்பளித் துண்டு போல இறுகிக் கிடந்தன. தையலைத் தள்ளிக்கொண்டு போகும் பல் அதற்குள் புதைந்திருந்தது. எத்தனையோ ஆண்டுகளின் ரவிக்கைகள் விட்டுச் சென்ற தூசி அது. சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அடுக்கடுக்காக நிறம் தெரிந்தது. ஊசி முனையால் கிளறி எடுத்தோம். இதுவரை செய்தது சரி.

அடுத்து, கறுப்பு உடம்பில் படிந்திருந்த அழுக்கைத் துடைக்க நினைத்தோம். அந்நாளில் வீட்டுக்கு வீடு இருந்த கைகழுவும் கிருமிநாசினி மேசைமேல் இருந்தது. பஞ்சில் நனைத்து ஒரு முறை துடைத்தோம், அழுக்கு போயிற்று. மறுமுறை துடைத்தோம், பஞ்சு மஞ்சளாக மின்னிற்று. ஏதோ துரு என்று எண்ணி மூன்றாம் முறையும் துடைத்துவிட்டுத்தான் பஞ்சை வெளிச்சத்தில் பார்த்தோம். தங்கம். இயந்திரத்தின் அடித்தட்டில் ஓடியிருந்த பொன்னிறக் கொடிகள் பஞ்சோடு வந்துவிட்டன. உள்ளங்கையளவு இடம் வெறுங்கறுப்பாக நம்மைப் பார்த்தது.

பிற்பாடு தெரிந்துகொண்டதை, வீட்டில் பழைய இயந்திரம் வைத்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்து இயந்திரங்களில் கறுப்புப் பூச்சின்மேல் பொன்னிறப் படங்களை ஒட்டி, அவற்றைக் காப்பதற்காக மேலே ஒரு மெருகு பூசியிருப்பார்கள். பலவற்றில் அது அரக்கு மெருகு. அரக்கு சாராயத்தில் கரையும். கிருமிநாசினியில் பெரும்பங்கு சாராயமே. மெருகு கரைந்தால் அதன் கீழுள்ள பொன்னும் போகும். தையல் இயந்திர எண்ணெயை மென்துணியில் தொட்டுத் துடைப்பதைத் தவிர அந்த உடம்புக்கு வேறு குளியல் தேவையில்லை. எவ்வளவு மெதுவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஊரடங்கு தளர்ந்தபின் ஆரணியிலிருந்து ஒரு மிஷின் மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அறுபது வயதைக் கடந்தவர். ஊரில் எல்லோரும் அவரை ‘பாய்’ என்றே அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். அவர் கருவிப்பையைத் திறக்குமுன் இயந்திரத்தின் தலைமேல் கையை வைத்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பொன் போன இடத்தைப் பார்த்து, "யாரு சார் இந்த வேலை பண்ணது?" என்றார். நாம்தான் என்றோம். "வாத்தியாருங்க நோட்டத் திருத்தறதோட நிறுத்திக்கணும் சார்" என்று சிரித்தார்.

அவர் வேலை செய்த விதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் எங்கெல்லாம் இரும்போடு இரும்பு உராய்கிறதோ அங்கெல்லாம் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே விட்டுவிட்டார். "அசையலன்னா அடிக்கக் கூடாது சார். அது உடைஞ்சி போகல; எண்ணெ பிசினாயிருக்கு. ஊற வெச்சா தானா விடும்." மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் நூலளவு அசைத்தார், பிறகு விரலளவு, மாலையில் அது முழுவட்டம் சுற்றியது. மண்ணெண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு நல்ல எண்ணெய் விட்டார். ஒவ்வொரு திருகாணிக்கும் அதன் வெட்டுக்குப் பொருந்துகிற திருப்புளியையே எடுத்தார். பொருந்தாத திருப்புளியால் ஒருமுறை தலை மழுங்கிவிட்டால் அந்தத் திருகாணி அதன்பின் யார் பேச்சையும் கேட்காதாம். வெடித்துப்போன தோல் பெல்ட்டை மாற்றினார். அடிச்சட்டத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறம் இருக்கப் பொருத்தி, நூலை வலமிருந்து இடமாகக் கோத்தார். பாபின் கேஸ் மட்டும் தேய்ந்திருந்தது. பையிலிருந்து லூதியானாவில் செய்த புதியதொன்றை எடுத்துப் போட்டார், அச்சாகப் பொருந்திற்று.

சீமை இயந்திரத்துக்கு லூதியானா உறுப்பு எப்படிப் பொருந்தும் என்று கேட்டோம். அதற்கு அவர் சொன்ன விடையிலிருந்துதான் நம் ஆராய்ச்சி தொடங்கியது. "இது பதினஞ்சாம் நம்பர் சார். உஷா, ரீட்டா எல்லாம் இதப் பார்த்துப் பண்ணதுதான்."

உண்மைதான். சிங்கர் நிறுவனத்தின் பதினைந்தாம் வகையை ஒட்டியே இந்தியாவிலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் எண்ணற்ற இயந்திரங்கள் செய்யப்பட்டன. மூலம் ஒன்று, படிகள் பல. ஆகவே பழைய இயந்திரம் ஒன்றை அடையாளம் காண்பது, ஏட்டுச்சுவடியின் காலத்தைக் காண்பதற்கு ஏறக்குறைய நிகரான வேலை. பெயரை மட்டும் நம்பக்கூடாது. பெயர்ப்பலகை மாற்றப்பட்டிருக்கலாம், சிங்கரின் ஒலிக்கு நெருங்கிய வேறு பெயராகவும் இருக்கலாம். உறுப்புகளைப் பார்க்க வேண்டும். நூலை இறுக்கும் திருகு, இயந்திரத்தின் இடக்கோடியில் முகத்தகட்டின்மேல் இருக்கிறதா? வட்டமான பாபின், கேஸுக்குள் அடங்கிப் பக்கவாட்டில் செருகப்படுகிறதா? அப்படியானால் பதினைந்தாம் வகை. பாபின் மேலிருந்து இறங்கினால் அறுபத்தாறாம் வகையாக இருக்கலாம். பாபினுக்குப் பதிலாக, துப்பாக்கித் தோட்டா போன்ற நீண்ட நாடா ஒன்று உள்ளே ஊஞ்சலாடினால் அது இன்னும் பழைய முறை: இருபத்தேழு, இருபத்தெட்டு, நூற்றிருபத்தேழு, நூற்றிருபத்தெட்டு என்னும் வகைகள். தறியில் ஊடையை ஏந்தி ஓடுவது எதுவோ, அதன் தம்பிதான் இந்த நாடா. தந்தையார் இளக்காரமாகப் பேசிய பொருளின் வயிற்றுக்குள் அவருடைய தறி நாடாவே குடியிருந்திருக்கிறது என்பதைச் சொல்ல அவர் அப்போது உயிரோடு இல்லை.

முகத்தகடும் பேசும். அதில் பூங்கொடி வேலைப்பாடு இருந்தால் பொதுவாகப் பழையது. நேர்க்கோடுகள் மட்டும் இருந்தால் பிந்தியது. சிங்கரின் முதற் காப்புரிமை 1851ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாளுக்குரியது. அதன் நூற்றாண்டுக்காக 1951இல் இயந்திரங்களில் 1851–1951 என்று பொறித்த சிறப்புப் பதக்கம் பதித்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக எண் இருக்கிறது. 1900க்கு முந்தியவற்றில் எழுத்து இல்லாத வெறும் எண், அதன்பின் எண்ணுக்கு முன்னால் ஓரெழுத்து, பிறகு ஈரெழுத்து. எந்தத் தொழிற்சாலை என்பதை அந்த எழுத்து காட்டும். ‘ஈ’யில் தொடங்கும் ஈரெழுத்துகள் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலைக்கு உரியவை. 1880களின் நடுவில் திறந்து, 1980இல் மூடப்பட்ட மாபெரும் ஆலை அது. அங்கே செய்தவற்றின் வகை எண்ணோடு ‘கே’ என்ற எழுத்தும் சேரும். ஆலை நின்ற கில்போவி என்னும் இடத்தின் முதலெழுத்து.

2009இல் எண்ணை எழுதிவைத்த தாள் எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று தேடி அலுத்து, மறுபடி இயந்திரத்தையே பார்த்துக் குறித்துக்கொண்டோம். ‘ஈ ஜே’ தொடரின் எண்கள் ஒதுக்கப்பட்ட காலம் 1953ஐ ஒட்டியது. எண்கள் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டமையால், இயந்திரம் ஆலையைவிட்டு வெளிவந்து, கப்பலேறி, இங்கு வந்து சேர இன்னும் ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் ஒவ்வொரு சுவடியையும் ஒப்புநோக்கியதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். பாடவேறுபாடு கண்டால் மகிழ வேண்டும், இடைச்செருகல் கண்டால் துணிந்து சொல்ல வேண்டும் என்று கரும்பலகையின் முன் நின்று முழங்குவது எளிது. இப்போது இடைச்செருகல் நம் வீட்டுக் கதையிலேயே இருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். அரண்மனைகளின் விளக்கு அணைந்துகொண்டிருந்த காலத்தில், ஸ்காட்லாந்தில் இன்னும் பிறக்கவே பிறக்காத ஓர் இயந்திரத்தை எந்த அரண்மனைத் தையற்காரர் பல்லாண்டு வைத்திருந்து பரிசாகக் கொடுத்திருக்க முடியும்?

சொல்லலாமா வேண்டாமா என்று நாம் தயங்கிக்கொண்டிருந்தபோது, 2021இன் இறுதியில் பெரிய மாமா பழம்பொருள் வாங்குகிற ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். இயந்திரத்துக்கு அரண்மனைச் சரித்திரம் இருப்பதால் நல்ல விலை கிடைக்கும் என்பது மாமாவின் கணக்கு. வந்தவரோ, மரப்பலகையைத் தட்டிப் பார்த்து, "அரண்மனைச் சரக்குன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று நம்மைக் கேட்டார். கல்லூரி ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகமாம். மாமா நம் முகத்தைப் பார்த்தார். அவர் தோளில் ஏறித் தேர்த்திருவிழா பார்த்தவர்கள் நாம். பொய் என்று தெரிந்தபின் கையெழுத்திடவும் முடியவில்லை. வந்தவர் முன்னால் மாமாவை மறுக்கவும் மனம் வரவில்லை. எண்ணையும் ஆண்டையும் மட்டும் சொன்னோம். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. அடுக்களை வாயிலில் நின்றிருந்த அம்மாதான் பேசினார்.

"அரமனயாவது ஒண்ணாவது. எங்கம்மா கால் காப்ப வித்து முன்பணம் கட்டி வாங்கினது அது. மீதிய மாசா மாசம் தவணையா கட்டுச்சி. கம்பெனி ஆளு சைக்கிள்ல வந்து வாங்கிட்டுப் போவாரு. நான் அப்போ கைக்கொழந்தயாம். பக்கத்துலயே தொட்டில் கட்டி, ஒரு கால் மிஷின்ல, ஒரு கால் தொட்டில்லன்னு தெச்சிருக்குது."

அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1954. எண்ணும் சான்றிதழும் ஒன்றையொன்று கைகோத்து நின்றன.

இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "யாரு கேட்டீங்க?" என்றார். சிறிது பொறுத்து, "எங்கப்பாவுக்கு அது கொறச்சலா இருந்திச்சி. பொம்பள சம்பாதிச்சி வாங்கின பொருளு நடுவூட்டுல நிக்குதேன்னு. அதனால அம்மாவே இந்தக் கதய அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்துச்சி. கேக்கறவங்ககிட்ட இப்பிடிச் சொல்லுடான்னு" என்றார்.

மாமா தலையை நிமிர்த்தாமலே, "எனக்கு அம்மா சொன்னது அதுதான்" என்றார்.

ஆயாவைப் பற்றி நமக்கிருந்த எண்ணமெல்லாம் அந்த மாலையில் இடம் மாறிற்று. சம்பாதித்தவளும் அவளே, அந்தச் சம்பாத்தியத்தைக் கணவன் பெயரில் எழுதிக் கொடுத்தவளும் அவளே. அதை அச்சம் என்பதா, அன்பு என்பதா, வீட்டில் அடுப்பெரிய வேண்டுமென்ற சாமர்த்தியம் என்பதா? மூன்றும் இருந்திருக்கலாம். கால் காப்பு இல்லாத காலோடு அவள் எத்தனை ஆண்டுகள் மிதித்தாள் என்பதை மட்டும் எந்த எண்ணும் சொல்லாது.

தையல் இயந்திரத்தின் கதை எங்குமே இப்படித்தான் திரும்புகிறது போலும். இயந்திரங்களை எதிர்த்த காந்தியடிகள் 1924இல் ஓர் உரையாடலில் சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கைத்தையலில் வருந்துவதைக் காணச் சகியாமல், அவள்மீது கொண்ட அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! வரலாறு சொல்வது வேறு. ஐசக் சிங்கர் நாடகக்காரர். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நடத்தியவர். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தந்தை. 1850இல் பாஸ்டன் நகரத்துப் பட்டறையொன்றில், சரியாக ஓடாத வேறொருவரின் தையல் இயந்திரத்தைச் சீர்செய்யப் புகுந்தார். அதில் நாடா வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நேராக ஓடவிட்டால் என்ன என்று யோசித்தார். உலகப் புகழ்பெற்ற இயந்திரம் ஒரு பழுதுபார்ப்பில் பிறந்தது. அதற்கும் முன்பே, 1846இல், எலியாஸ் ஹோவே என்பவர் இருநூல் தையலுக்கு உரிமை பெற்றிருந்தார். ஏழை வீடுகளுக்குள் அது நுழைந்ததற்குக் காரணம் சிங்கரின் கூட்டாளி எட்வர்டு கிளார்க் 1856இல் கொண்டுவந்த தவணை முறை. ஆயாவின் கால் காப்பு வரை வந்து சேர்ந்தது அந்தத் தவணைதான்.

காந்தியடிகள் கேள்விப்பட்ட கதையிலும், மாமா சொன்ன கதையிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் இயந்திரம் ஓர் ஆணின் மேன்மையால் பெண்ணுக்குக் கிடைத்த கொடை. கிளைடுபேங்க் ஆலையிலும் பெண்களே இருந்தார்கள். 1911 மார்ச்சில், இயந்திரப் பெட்டிகளுக்கு மெருகிடும் பன்னிரண்டு பெண்கள், வேலையைக் கூட்டிக் கூலியைக் குறைக்கிறார்கள் என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஓரிரு நாளில் அந்த ஆலையின் பதினோராயிரம் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அவர்கள் பின்னால் வந்துவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று வாரங்களில் அந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் அது தொடங்கியது மெருகிடும் பெண்களிடமிருந்து என்பதை மறைக்க அங்கே எந்த அரண்மனைக் கதையும் தேவைப்படவில்லை. இங்கோ, சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் காருகரும் துன்னகாரரும், அதாவது நெய்வோரும் தைப்போரும், ஒரே பட்டியலில் இடம்பெற்றிருக்க, நம் வீட்டில் நெய்தவர் பெயர் நின்றது. தைத்தவள் பெயர் மறைந்தது. தமிழ்நாட்டரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்துக்குச் சத்தியவாணிமுத்து அம்மையார் பெயர் இருப்பது நமக்கு இப்போது கூடுதல் பொருள் தருகிறது.

உண்மையைச் சொன்னதற்கு ஒரு விலை இருந்தது. மாமா அதன்பின் பல மாதம் நம் வீட்டுப்படி ஏறவில்லை. அவருக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுதும் தந்தையின் பெருமையாக ஏந்தி வந்த ஒன்றை, ஒரு வெளியாள் முன்னிலையில், ஆறு இலக்கங்களைச் சொல்லி நாம் பறித்துவிட்டோம். வந்தவரை அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். பதிப்பாசிரியனுக்குச் சுவடியோடு மட்டுமே உறவு. நமக்கோ மாமாவோடு உறவு. இந்த வேறுபாடு நமக்கு அன்று உறைக்கவில்லை. கிருமிநாசினியில் நனைத்த பஞ்சுதான் மறுபடி நம் கையில் இருந்தது.

2023இல் ஒரு திருமணத்தில் மாமா மீண்டும் அந்தக் கதையைச் சொன்னார். அரண்மனை, தாத்தா, மாட்டு வண்டி, தேவிகாபுரம், எல்லாம் அப்படியே. நாம் குறுக்கிடவில்லை. ஆனால் கதையின் கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "வண்டிக்கூலிக்கு எங்கம்மா கால் காப்ப வித்துது." அம்மா நம்மைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இயந்திரம் இப்போது நன்றாக ஓடுகிறது. பாய் ஒருமுறை வந்தபோது, போன பொன்னுக்குப் பதிலாகப் புதுப்பூக்கள் அச்சிட்ட ஒட்டுப்படங்கள் கிடைக்கின்றன, ஒட்டிவிட்டால் புதிதுபோல இருக்கும் என்றார். வேண்டாம் என்றோம். அடித்தட்டில் துணியை நகர்த்துகிற இடத்தில் ஆயாவின் கையும், பின்னர் அம்மாவின் கையும் பட்டுப் பட்டுப் பொன் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தை மூடிவிட மனமில்லை. ஆனால் இதில் ஒரு வேதனை உண்டு. ஆயாவின் கை தேய்த்த இடமும், நம் பஞ்சு அழித்த இடமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எதுவரை அவளுடைய உழைப்பு, எங்கிருந்து நம்முடைய அவசரம் என்று எல்லை பிரிக்க நம்மால் ஆகவில்லை.

அம்மாவைக் கேட்டோம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார். "எல்லாம் ஒண்ணுதான்டா. நவுரு, வெளிச்சத்த மறைக்காத" என்று சொல்லிவிட்டு, பேத்தியின் பாவாடைக்கு மடிப்பு வைக்கத் தொடங்கினார்.